குண்டையூர் நெல்லும் கடற்கோள் நிவாரணமும்

பெரிய புராணத்தைக் கதையாகவேனும் கேட்டவர்கள் குண்டையூர் கிழாரை அறிவர். திருவாரூரிலே பரவையார் திருமாளிகைக்குச் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் பொருட்டு நெல்லும் பிறவும் இடையறாது அனுப்பி வந்த வேளாண் செல்வர் அவர். ஒரு பருவத்தில் வானம் பொய்த்தது, விளைவு குன்றியது. அனுப்ப நெல் இல்லையே என்று வருந்தி உண்ணாது துயின்ற அவரது கனவில் இறைவன் தோன்றி அருள் செய்தான். விடிந்தபோது குண்டையூர் முழுவதும் நெல் மலையாய்க் குவிந்து கிடந்தது.

கதை இவ்வளவில் முடிந்திருந்தால் அற்புதம் என்று கைகூப்பிவிட்டு நாம் அப்பாற் போயிருப்போம். சேக்கிழார் அங்கே நிறுத்தவில்லை. கிழார் செய்தி சொல்லச் சுந்தரர் வந்து பார்க்கிறார், வியக்கிறார், உடனே கவலையும் கொள்கிறார். இத்தனை நெல்லையும் யார் சுமப்பது? அயலிலுள்ள திருக்கோளிலிக்குச் சென்று பெருமானிடம் அவர் வேண்டியது நெல்லை அன்று, சுமக்கும் ஆளை. அன்றிரவு பூதகணங்கள் நெல்லை வாரிச் சென்று திருவாரூர் வீதிகளை நிறைத்தன. காலையிற் பரவையார் பறையறைவித்தார்: அவரவர் மனையின் எல்லைக்குட் கிடக்கும் நெல்லை அவரவர் எடுத்துக்கொள்க.

நெல் கிடைத்தது, நெல் சுமக்கப்பட்டது, நெல் பங்கிடப்பட்டது. இம்மூன்றில் முதலாவதை நாம் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறோம். மற்றைய இரண்டையும் பூதகணங்களோடு சேர்த்து மறந்துவிடுகிறோம். இடர் வந்த காலங்களில் எமது பிரதேசத்தில் நடந்தவற்றை ஆராயப் புகுந்தால், துன்பம் நீண்டதற்குப் பெரும்பாலும் காரணம் கொடுப்பாரின்மை அன்று, சுமப்பதிலும் பங்கிடுவதிலும் நேர்ந்த குறையே என்பது புலனாகும். அதனைச் சிறிது வரலாற்று முறையில் இங்கு நோக்குவாம்.

இக்காலத்தார் இதற்கு வழங்கற் சங்கிலி முகாமைத்துவம் என்று பெயரிட்டுப் பல்கலைக்கழகங்களிற் பாடமாகக் கற்பிக்கின்றனர். பெயர் புதிது, விடயம் எம்மவருக்குப் புதிதன்று. குளத்திலே தண்ணீர் நிறைந்திருக்கவும் கடைமடை வயல் காய்ந்து கிடப்பதை வட்டைக்குட் போய் வந்த எவரும் கண்டிருப்பர். வாய்க்கால் தூர்ந்தாலும் அதே கதிதான். வட்டைவிதானை முறை தப்பித் தண்ணீர் விட்டாலும் அதே கதிதான். இடர் நிவாரணத்தின் பெரும்பங்கு, அதாவது 100இல் 80 பங்கு, பொருளை உரிய இடத்துக்குக் கொண்டு சேர்க்கும் வேலையே என்று வான் வாசென்ஹோவ் என்னும் பேராசிரியர் 2006இல் எழுதினார். கடை வியாபாரத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கடையிலே காசு கொடுப்பவரே பொருளையும் பெறுகிறார். பிடிக்காததை அவர் வாங்கமாட்டார். நிவாரணத்திலோ காசு கொடுப்பவர் ஒருவர், பொருளைப் பெறுபவர் வேறொருவர். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்புப் பெறுபவருக்கு இல்லை. பின்னர் நாம் காணப்போகும் குழப்பங்களுட் பல இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை.

எமது நாட்டில் இத்தகைய விநியோக ஒழுங்கு ஒன்று பரந்த அளவில் உருவானது இரண்டாம் உலக யுத்த காலத்திலாகும். 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரசாங்கம் பங்கீட்டு முறையைக் கொணர்ந்தது. அதனை நடத்தக் கூட்டுறவுச் சங்கக்கடைகள் ஊர்தோறும் ஆயிரக்கணக்கில் எழுந்தன. ஆளுக்கொரு கூப்பன் புத்தகம். அந்தப் புத்தகத்துக்கு ஒரு கடை. சங்கக்கடை வரிசையில் நின்ற கால்வலியைப் பற்றிப் பெரியோர் இன்றும் குறை கூறுவர். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தக் குடும்பத்தில் எத்தனை வயிறு என்னும் கணக்கு, பஞ்சம் வருமுன்னரே ஒரு கொப்பியில் எழுதப்பட்டிருந்தது.

அந்தக் கணக்கின் அருமை 1978ஆம் ஆண்டு கார்த்திகை 23ஆந் திகதி இரவு வீசிய சூறாவளியின் பின் தெரிந்தது. மட்டக்களப்பையும் எமது கரையையும் அலைக்கழித்த அப்புயலில் 900க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பாதிப்புற்றனர். தலைமுறை தலைமுறையாய் வளர்த்த தென்னந் தோட்டங்கள் ஓரிரவிற் சாய்ந்தன. சாய்ந்த மரங்கள் தெருக்களுக்குக் குறுக்கே கிடந்தன. லொறி வரவேண்டுமானால் முதலிற் கோடரி வரவேண்டும் என்ற நிலை. எனினும் வந்து சேர்ந்த அரிசிக்குப் போக ஓரிடம் இருந்தது. கூப்பன் முறை 1979இல் உணவு முத்திரைக்கு இடம் விட்டது. அதன்பின் அந்தப் பழைய வாய்க்கால் சிறிது சிறிதாய்த் தூர்ந்தது என்றே சொல்லவேண்டும்.

1990ஐ இங்கே சொல்லாமற் கடந்து போக முடியாது. அவ்வாண்டு ஆவணி 12ஆந் திகதி எமது சிந்தாயாத்திரைப் பிள்ளையார் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் பலர் உயிரிழந்தனர். எஞ்சியோர் காரைதீவு, திருக்கோவில் முதலிய இடங்களில் அகதிகளாய் வாழ்ந்தனர். அத்துயரை விரித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் நிவாரண வரிசையில் நிற்பது எத்தகையது என்பதை வீரமுனை புத்தகத்திற் படித்து அறியவில்லை. உலர் உணவு வருமா, வந்தால் எப்போது, பெயர் பதிவில் இருக்கிறதா, இல்லையென்றால் யாரைக் கேட்பது என்பவை எமது தாய்மாரின் அன்றாட வினாக்களாய் இருந்தன. ஊரெல்லாம் இடம்பெயர்ந்திருக்கையில் பதிவிலே பெயர் இல்லாமை பசியோடு ஒக்கும்.

இனி 2004இற்கு வருவாம். மார்கழி 26ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை 7 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அருகே கடலடியிற் பூமி நடுங்கிற்று. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அலை எமது கரையை அடைந்தது. இலங்கை முழுவதிலும் இறந்தோரும் காணாமற் போனோருமாக 35,000 பேர் வரை. அவர்களுள் 10,000க்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். வேறெந்த மாவட்டமும் இத்தனை பேரை இழக்கவில்லை. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் இவ்வூர்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவிலே ஒரு நாடாவைப் போல ஒடுங்கிய மணல் நிலத்தில் வீட்டோடு வீடாக மக்கள். கடலோரத்து வீடுகள் சில நிமிடங்களிற் போயின.

உயிர் தப்பியோர் மேற்கு நோக்கி ஓடினர். ஓடக்கூடிய திசையும் அது ஒன்றே. கடல் எட்டாத சம்மாந்துறையும் வீரமுனையும் அயலூர்களும் அன்று உடுத்த துணியோடு வந்தவர்களுக்கு இடங்கொடுத்தன. அன்று பகலே சோறு ஆக்கியதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கட்டளையிட அதிகாரி எவரும் வரவில்லை. வெளிநாட்டுக் கப்பல் எதுவும் வரவில்லை. கோவில் அன்னதானக் கிடாரம் களஞ்சியத்தில் இருந்தது. பள்ளிவாசலிற் கந்தூரிக்குச் சோறாக்கும் பெரும் பாத்திரங்கள் இருந்தன. போடியார் வீடுகளிலும் மில்லுகளிலும் சென்ற போகத்து நெல்லும் அரிசியும் இருந்தன. உழவு இயந்திரங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் மேலாக, ஆயிரம் பேருக்கு எத்தனை மூடை அரிசி, எத்தனை தேங்காய், எத்தனை கட்டு விறகு என்று மனக்கணக்காகவே சொல்லக்கூடியவர்கள் இருந்தனர். திருவிழாக் காலத்திலும் கந்தூரிக் காலத்திலும் ஆண்டுதோறும் செய்து பழகிய கை அது. உலக நிறுவனங்கள் பெருஞ் செலவில் ஒத்திகை பார்க்கும் ஒன்றை எமது இரு சமூகத்தவரும் பக்தியின் பேரால் ஒத்திகை பார்த்து வந்திருக்கிறார்கள் என்பதை எவரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. அம்பாறை நகரிலிருந்து சிங்கள மக்கள் சாப்பாட்டுப் பார்சல்களோடு வந்ததையும் நன்றியுடன் குறிப்பிடல் வேண்டும்.

சிக்கல் தொடங்கியது பொருள் இல்லாத நாட்களில் அன்று; பொருள் குவிந்த நாட்களில். நாட்டிலே பன்னாட்டு விமானம் வந்திறங்கக் கட்டுநாயக்கா ஒன்றே இருந்தது. பெருங் கப்பல்களுக்குக் கொழும்புத் துறைமுகம். உலகம் முழுவதும் அனுப்பியதை எல்லாம் அவ்விரு வாசல்களும் ஏற்கவேண்டியதாயிற்று. சுங்கப் பத்திரம் சரியில்லாத கொள்கலன்கள் துறைமுகத்தில் மாதக்கணக்கிற் காத்துக் கிடந்தன. கொழும்பிலிருந்து எமது கரை நாட்டின் மறுபுறம். வழியிலே மழை. தையின் முதல் நாட்களிற் பெய்த பெருமழையால் முகாம்களுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அறுகம்பைப் பாலம் சேதமுற்றதால் அப்பாலிருந்த பாணமைப் பக்கத்துக்குச் செல்வது மேலும் அரிதாயிற்று.

வந்த லொறிகளிலும் ஒரு முறை உண்டு. அது பிரதான வீதியோடு வரும். சனம் கூடிநிற்கும் முதலிடத்தில் நிற்கும். அங்கே கொட்டிவிட்டுத் திரும்பும். வீதியோரத்து முகாமுக்கு மூன்று முறை பாய் வந்தது. உள்ளே ஒழுங்கைக்குள் இருந்த முகாமுக்கு ஒன்றும் வரவில்லை என்ற கதைகள் இரு சமூகத்தாரிடமும் உள்ளன. எமக்குத் தரவில்லை, அவர்களுக்கே கொடுத்தார்கள் என்ற மனக்கசப்புப் பல இடங்களில் முளைத்தது இதனாலேயே. லொறிக்காரருக்கு இனம் தெரிந்திருக்க நியாயமில்லை, வீதிதான் தெரிந்திருந்தது. ஆனால் பசித்தவனுக்கு வீதியின் குற்றம் அயலவனின் குற்றமாகத் தோன்றும்.

குண்டையூர் இன்றைய நாகபட்டினம் மாவட்டத்தில் உள்ளது. தமிழ்நாட்டிலே அக்கடற்கோளால் மிகுதியாக உயிர்ச்சேதமுற்ற மாவட்டமும் அதுவே. அங்கு மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். நெல்மலை கண்ட மண் இம்முறை துணிமலை கண்டது. நாடெங்கிலுமிருந்து அனுப்பப்பட்ட பழந்துணிகள் நாகபட்டினத்துத் தெருவோரங்களில் எடுப்பாரின்றி மழையில் நனைந்து மக்கின. வீடிழந்த மீனவர் அவற்றைத் தொட மறுத்தனர் என்று சிலர் குறைகூறினர். உழைத்துண்ட குடியினருக்கு அது இகழ்ச்சியாகத் தோன்றியதில் வியப்பென்ன? பின்னர் தில்லியிலிருந்து வந்த கூஞ்ச் என்ற தொண்டு நிறுவனத்தார் அத்துணிகளை வாரியெடுத்துத் தரம் பிரித்துப் பயன்படச் செய்தனர். அதே நாகபட்டினத்தில் தென்னிந்திய மீனவர் சங்கச் சம்மேளனமும் சிநேகா என்னும் அமைப்பும் 2005ஆம் ஆண்டு தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு நிலையத்தைத் திறந்தன. எந்தக் குப்பத்துக்கு என்ன வேண்டும், யாரிடம் என்ன இருக்கிறது என்று இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பொருத்துவதே அதன் வேலை. பணமோ அரிசியோ அது உண்டாக்கவில்லை. ஆயினும் அந்த மேசையை நாம் ஒரு பெருங்கொடையாகவே மதிக்கிறோம்.

மருந்தின் கதை இதனினும் துன்பமானது. இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு ஏறத்தாழ 4,000 தொன் மருந்து வந்ததாகவும், அதிற் பெரும்பகுதி அங்கு தேவைப்படாதது அல்லது அவ்வூரார் வாசிக்க முடியாத மொழியிலே பெயரெழுதப்பட்டது என்றும் ஆய்ந்தோர் கூறினர். அழிக்கவேண்டியிருந்த மருந்தை அழிப்பதற்கே தனியாகப் பணம் வேண்டியிருந்தது. மருந்து அனுப்புவோர் கைக்கொள்ள வேண்டிய விதிகளை உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே வெளியிட்டிருந்தது என்பதையும் நினைக்க வேண்டும். கொடுக்க எழும் கை விதி நூலைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

நல்லதொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மார்கழியிலேயே கொழும்பில் இளம் கணினி வல்லுநர் பலர் ஊதியமின்றிக் கூடி ஒரு மென்பொருளை ஆக்கினர். காணாமற் போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே பணிபுரிகிறது, எங்கே என்ன தேவை என்பவற்றை எல்லாம் பதிந்து தேடத்தக்கதாக அது அமைந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘சகன’. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். யாவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் வண்ணம் வெளியிடப்பட்ட அம்மென்பொருள் 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் எய்ட்டி நிலநடுக்கத்திலும் உதவிற்று. சங்கக்கடைக் கொப்பி வேறோர் உருவில் உலகைச் சுற்றி வந்தது என்று நாம் கருதினால் அது மிகையன்று.

சுமப்பதைப் பற்றி இவ்வளவு. பங்கிடுவது அதனினும் கடினம். மிஷன் பாடசாலையில் வேத பாட வகுப்பில் இருந்தோருக்கு அப்போஸ்தலர் நடபடிகளின் 6ஆம் அதிகாரம் நினைவிருக்கும். எருசலேமின் ஆதிச் சபையிலே அன்றாட உணவுப் பங்கீட்டிற் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் அதனை அற்ப விடயமென்று தள்ளவில்லை. நற்சாட்சி பெற்ற எழுவரைத் தெரிந்து அப்பணிக்கென்றே நியமிக்கச் செய்தனர். அவ்வெழுவர் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதை எமக்குக் கற்பித்த ஆசிரியர் சுட்டிக் காட்டியதுண்டு. முறையிட்ட பக்கத்தாரிடமே அகப்பை கொடுக்கப்பட்டது போலும்.

எமது நாட்டில் அவ்வாறு ஒரு முயற்சி நடந்தது. வடக்குக் கிழக்கில் உதவியைப் பங்கிட அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2005ஆம் ஆண்டு ஆனி 24ஆந் திகதி பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். அதே ஆண்டு ஆடி 15ஆந் திகதி உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது, கட்டமைப்பு இயங்கவேயில்லை. கரையோரத்தில் மிகுதியாக இழந்த முஸ்லிம் மக்கள், தாங்கள் கைச்சாத்திடாத ஓர் உடன்படிக்கையில் தங்கள் பங்கு என்னவென்று கேட்டனர். தமிழராகிய நாம் அக்கேள்வியைப் பொறுமையோடு கேட்டிருக்க வேண்டும் என்பது எமது கருத்து.

இதன் தொடர்ச்சி போல அமைந்தது நுரைச்சோலை. அக்கரைப்பற்றுப் பக்கத்தில் சவூதி அரேபிய நிதியிலே கடற்கோளால் வீடிழந்தோருக்கென 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குக் கொடுப்பது என்பதில் வழக்கு எழுந்து உயர் நீதிமன்றம் வரை சென்றது. கூரையும் கதவும் சன்னலும் கொண்ட வீடுகள் குடியிருப்பாரின்றி ஆண்டுக்கணக்கில் நின்றன, காடு மண்டிற்று. வீட்டுக்குக் காத்திருந்தவர்களோ சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் நெருக்கடியான இடங்களிற் காலங்கழித்தனர். நீதிமன்றத் தீர்ப்பின் நியாயத்தை எடைபோடுவது எமது தகுதிக்கு மேற்பட்டது. எனினும் அவ்வீதியாற் போகும்போது குண்டையூர் நெல்மலை நினைவுக்கு வராமற் போவதில்லை. கொடையாளி வந்தார், மலை குவிந்தது, பரவையாரின் பறைதான் கேட்கவில்லை.

கடற்கோளின் பின்னர் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் உண்டாயிற்று. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆயினும் எமக்கும் கரைக்கும் இடையிலுள்ள வீதியே இன்றும் நம்பத்தக்கதன்று. 2024ஆம் ஆண்டு கார்த்திகை 26ஆந் திகதி மாவடிப்பள்ளியில் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளம், மத்ரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரப் பெட்டியைக் கவிழ்த்து இளம் உயிர்கள் பலவற்றைக் கொண்டுபோயிற்று. 2004இற் கரையிலிருந்து மேற்கே ஓடி வருவதற்கும், சோற்றுக் கிடாரத்தை மேற்கிலிருந்து கரைக்குக் கொண்டு போவதற்கும் உதவிய வீதிகளுள் அதுவும் ஒன்று. மார்கழி மழையும் கடலும் ஒருசேர வந்தால் என்ன செய்வது என்பது கற்பனை வினா அன்று.

எமது மன்றம் ஆண்டுதோறும் ஆலய உற்சவத்தில் அன்னதானப் பணி செய்கிறது. அதற்கென ஒரு கொப்பி இருக்கிறது. அரிசி தருவோர் பெயர், விறகு தருவோர் பெயர், கிடாரங்களின் தொகை முதலியன அதில் எழுதப்பட்டுள்ளன. அதே கொப்பியில் இன்னும் சில பக்கங்களைச் சேர்க்கும்படி பெரியோரையும் உறுப்பினரையும் கேட்டுக்கொள்கிறோம். ஊரில் எத்தனை உழவு இயந்திரங்கள், எவை பெட்டியோடு கூடியவை; மின்சாரம் இல்லாவிடினும் இயங்கும் மில் எது; கோடையிலும் வற்றாத கிணறுகள் எவை; தோணியோட்டத் தெரிந்தவர் யார்; நடக்க இயலாத முதியோரும் பிள்ளைத்தாய்ச்சிகளும் கைக்குழந்தைகளும் எந்தெந்த வீடுகளில்; காரைதீவிலும் சம்மாந்துறைப் பள்ளிவாசலிலும் இதே வேலையைச் செய்யக்கூடியவர் யார், அவரோடு பேச எமது தரப்பிற் போகக்கூடியவர் யார். இப்பக்கங்களை ஆண்டுக்கொரு முறை உற்சவத்துக்கு முந்திய கூட்டத்தில் வாசித்துத் திருத்தினால் போதும். அரைமணி நேர வேலை. பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடம் பேசுவதற்கு உறுப்பினர் இருவர் முன்வந்துள்ளனர். மாவடிப்பள்ளித் தாம்போதியின் மேல் நீர் ஏறினால் கரைக்குப் போகும் மாற்றுவழி எது என்ற பக்கத்தை மட்டும், வட்டை வரம்புகளை நன்கறிந்த மூத்தோர் வந்து எழுதித் தருதல் வேண்டும்.